பரணில் ரம்பம் போட்டான் பையன்! பக்கத்து வீட்டுக் கதவு மூடவில்லை!

(நமது நிருபர்)

வடசென்னையில் மளிகைக் கடை வைத்திருக்கும் ஒரு அண்ணாச்சிக்கு நீண்ட நாளாக ஒரு குறை. கடைக்கு மேலே பெரிய பரண் இருக்கிறது. ஆனால் அதில் நிமிர்ந்து நடக்க முடியாது. சரியாகக் கழுத்து உயரத்தில், தெருப்பக்கச் சுவரில் இருந்து பின்பக்கச் சுவர் வரை, குறுக்கே ஒரு கட்டை ஓடுகிறது.

"எத்தனை தடவை மண்டையில வாங்கியிருக்கேன் தெரியுமா தம்பி? ஒரே ஒரு கட்டை. அது மட்டும் இல்லைன்னா சரக்கு வைக்க எம்புட்டு இடம்!" என்றார் அவர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைக்கு அரை நாள் விடுமுறை. தச்சு வேலை செய்யும் ஒரு பையனைக் கூப்பிட்டார். "இந்தக் கட்டையை எடுத்துடு" என்றார். பையனும் பரணில் ஏறி ரம்பத்தைப் போட்டான்.

நல்ல தேக்கு. மர ஈரம் செத்து எத்தனையோ காலம் ஆகியிருக்கும். இரும்பு மாதிரி இருக்கும் என்று பயந்துகொண்டுதான் ஆரம்பித்தானாம். ஆனால் இரண்டு அங்குலம் இறங்கியதும் ரம்பம் வெண்ணெயில் போவது போலப் போயிற்று. "சூப்பரா போகுதுண்ணே!" என்று கீழே குரல் கொடுத்திருக்கிறான்.

அடுத்த நிமிடம் 'மடக்' என்று ஒரு சத்தம். மோட்டில் இருந்து ஓட்டுத் தூசி கொட்டியது. அதே நேரத்தில் அடுத்த போர்ஷனில் இருந்து ஒரு அம்மா தலைமுடியைக் கூட முடியாமல் ஓடி வந்தார்.

"யாருப்பா மேலே? எங்க வீட்டுச் சுவத்துல மண்ணு கொட்டுது! வாசக்கதவு சாத்த மாட்டேங்குது!"

உள்ளே அந்த அம்மாவின் மாமியார் கட்டிலில் படுத்திருந்தார். பேரன் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தான். இரண்டு பேரையும் தெருவுக்குக் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். பையன் ரம்பத்தை அப்படியே வெட்டில் விட்டுவிட்டுக் குதித்து இறங்கிவிட்டான்.

யாருக்கும் காயம் இல்லை. அந்த அம்மா மட்டும் கத்தாமல் இருந்திருந்தால் பையன் இன்னும் நாலு இழுப்பு இழுத்திருப்பான்.

பெரியவர் வந்தார்

மாலையில் நான் போனபோது கடை பூட்டியிருந்தது. உள்ளே ஐந்தாறு சவுக்குக் கட்டைகள் முட்டுக் கொடுத்து நின்றன. எழுபது வயதைத் தாண்டிய ஒரு ஆசாரியைக் கூட்டி வந்திருந்தார்கள். ஐம்பது வருஷம் உளி பிடித்த கை. அவர் பரணில் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார்.

"பேப்பர்காரத் தம்பியா? வா, வா. மேலே வந்து பாரு. ஆனா அந்தக் கட்டையைப் பிடிச்சிக்கிட்டு ஏறாதே" என்றார்.

டார்ச் அடித்துக் காட்டினார். வெட்டு வாய் பிளந்திருந்தது. ரம்பத்தின் தகடு ஒற்றை நூல் கனம்தான். ஆனால் வெட்டுக்குள் என் சுண்டு விரல் நுனி போயிற்று.

"பையன் என்ன சொன்னான்? ரம்பம் சூப்பரா போகுதுன்னு. அங்கேதான் அவன் நின்னிருக்கணும். மேலேயும் கீழேயும் அமுக்கம் இருக்கிற கட்டையை அறுத்தா, வெட்டு மூடிக்கிட்டு ரம்பத்தைக் கடிக்கும். இழுத்துப் பிடிச்சிக்கிட்டு இருக்கிற கட்டையை அறுத்தா, வெட்டு தானா வாயைத் திறக்கும். ரம்பம் லேசாப் போகும். லேசாப் போகுதேன்னு சந்தோஷப்பட்டா தலை போயிடும்."

இது சுமை தாங்கும் கட்டை இல்லையா என்று கேட்டேன்.

"சுமையா? இது கயிறு தம்பி. மரத்துல செஞ்ச கயிறு."

பெயிண்டர் ஏணி

வெள்ளையடிப்பவர்கள் வைத்திருக்கும் இரட்டை ஏணியை எல்லோரும் பார்த்திருப்போம். கூடாரம் போல விரித்து நிறுத்துவார்கள். நடுவில் ஒரு கயிறு கட்டியிருக்கும். மேலே ஆள் ஏறினாலும் ஏணி விரியாமல் அந்தக் கயிறு பிடித்துக்கொள்கிறது. கயிற்றை அறுத்தால் இரண்டு காலும் இரண்டு பக்கம் ஓடும்.

ஓட்டு வீட்டின் மோடும் அப்படித்தான். உச்சியில் மோட்டு மரம். அதில் இருந்து இரு பக்கமும் சரிந்து இறங்குகிற கை மரங்கள். கை மரத்தின் காலில் ஓட்டின் பாரம் முழுவதும் வந்து சேர்கிறது. அது கீழே மட்டும் அழுத்தவில்லை. வெளியேயும் தள்ளுகிறது. எதிரெதிர்ச் சுவர்கள் இரண்டையும் தெருவுக்கும் கொல்லைக்கும் தள்ளப் பார்க்கிறது. தள்ளவிடாமல் இரண்டு காலையும் சேர்த்துப் பிடித்திருப்பதுதான் குறுக்கே ஓடும் அந்த விட்டம்.

பழைய சுவர் சுண்ணாம்பும் செங்கல்லும், சில இடங்களில் மண்ணும். மேலே இருந்து எவ்வளவு வேண்டுமானாலும் அமுக்குங்கள், தாங்கும். பக்கவாட்டில் நெட்டினால் தாங்காது.

பாரம் எவ்வளவு என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1865-ம் ஆண்டு பாசல் மிஷன்காரர்கள் மங்களூரில் ஆலை வைத்துச் செய்ய ஆரம்பித்த அந்த ஓடு, இரண்டில் இருந்து மூன்று கிலோ எடை இருக்கும். நூறு சதுர அடிக்கு ஏறக்குறைய 140 முதல் 150 ஓடு பிடிக்கும். அண்ணாச்சியின் கடை மோடு, சரிவையும் சேர்த்தால், 350 சதுர அடிக்குக் குறையாது. அப்படியானால் ஓடு மட்டுமே ஒரு டன்னுக்கு மேல்! ரீப்பர், கை மரம் எல்லாம் தனி. மழையில் நனைந்தால் ஓடு குடிக்கிற தண்ணீரும் தனி.

அந்த டன் அண்ணாச்சியின் தலைக்கு மேல் மட்டும் இல்லை. தெருப்பக்கச் சுவர் இரண்டு போர்ஷனுக்கும் ஒரே சுவர். இவர் கடையில் விட்டம் தளர்ந்ததும் சுவரின் தலை வெளியே நகர்ந்தது. அந்த அம்மாவின் வாசல் நிலை கோணியது. கதவு சாத்தவில்லை. நகர்ந்தது கால் அங்குலம் கூட இருக்காது என்றார் பெரியவர். அதற்கே இந்தப் பாடு.

தூணா, தொங்கலா?

விட்டத்தின் நடுவில் இருந்து மோட்டு உச்சி வரை நட்டுக்குத்தலாக ஒரு கட்டை நின்றது. இது மோட்டைத் தாங்குகிற தூண்தானே என்றேன். பெரியவர் சிரித்தார்.

"எல்லாரும் இதையேதான் சொல்றாங்க. கிங் போஸ்ட்டுன்னு சொல்லுவோம். பேருதான் போஸ்ட்டு. இது நிக்கலை, தொங்குது. அடியில பாரு."

குனிந்து பார்த்தேன். கட்டையின் அடியில் விட்டத்தைச் சுற்றி ஒரு இரும்புப் பட்டை 'ப' எழுத்தைக் கவிழ்த்த மாதிரி இல்லாமல், நிமிர்த்திப் போட்ட மாதிரி, விட்டத்தைக் கீழிருந்து ஏந்திப் பிடித்திருந்தது. கட்டை விட்டத்தின் மேல் நிற்பதாக இருந்தால் இந்தப் பட்டைக்கு வேலையே இல்லை. நீள விட்டம் தன் பாரத்திலேயே நடுவில் தொய்ந்து போகாமல் உச்சியில் இருந்து தூக்கிப் பிடிப்பதுதான் அதன் வேலை. அதன் காலில் இருந்து இரு பக்கமும் சாய்வாகப் போகும் இரண்டு சின்னக் கட்டைகள்தான் உண்மையில் தாங்குகிறவை. அவை கை மரத்தின் நடு வயிற்றில் முட்டுக் கொடுக்கின்றன.

பார்வைக்குத் தூண் மாதிரி இருப்பது கயிறு. சும்மா சாய்த்து வைத்த குச்சி மாதிரி இருப்பது தூண். பரணில் ஏறி, "இது எதுக்கு இங்கே?" என்று கேட்டு அடுத்த நொடியே ரம்பம் எடுக்கிறவர்களை என்ன சொல்வது!

சில கட்டைகளை எடுக்கலாம் என்பதும் உண்மை. சீலிங் துணி கட்ட அடித்த சட்டம், அந்தக் காலத்து ஒயர் ஓட்டிய பட்டி, ஊஞ்சல் கொக்கிக்காகப் போட்ட உபரிக் கட்டை, யாரோ பாத்திரம் அடுக்க வைத்த பலகை. இவை வெறும் ஆணியில் நிற்கும். பாரம் வாங்கும் கட்டை பெரும்பாலும் ஆணியில் மட்டும் நிற்காது. கழுந்து வெட்டி, துளையில் ஏற்றி, முளை அடித்து, அல்லது பட்டை போட்டு முடுக்கியிருப்பார்கள். இவ்வளவு மெனக்கெட்டு ஒருத்தன் கட்டையை மாட்டியிருக்கிறான் என்றால் அதற்குக் காரணம் இருக்கும்.

ஆனால் அதிலும் ஒரு வில்லங்கம்!

"ஆணியில நிக்கிற கட்டைதானேன்னு எடுத்துடக் கூடாது" என்றார் பெரியவர். "கட்டின அன்னிக்கு அது சும்மா இருந்திருக்கும். அறுபது வருஷத்துல வீடு உக்காரும், மரம் தொய்யும். தொய்ஞ்சு தொய்ஞ்சு அது மேல வந்து சாஞ்சிருக்கும். அன்னிக்குச் சும்மா இருந்தவன் இன்னிக்குச் சுமந்துக்கிட்டு இருப்பான். தடுப்புச் சுவரும் அப்படித்தான். ரூமைப் பிரிக்கத்தான் கட்டினாங்கன்னு இடிப்பாங்க. இடிச்சப்புறம் மேலே விட்டம் இறங்கும்."

அப்படியானால் எப்படித்தான் கண்டுபிடிப்பது?

முனையைப் பார்

அவர் செய்து காட்டியது இது. எந்தக் கட்டையைத் தொடுவதற்கு முன்பும் அதன் இரண்டு முனையையும் கண்ணால் பார்த்தாக வேண்டும். பாதியில் குப்பை மறைக்கிறதா, குப்பையை எடு. முனை எதில் போய் உட்கார்ந்திருக்கிறது? சுவரிலா, வேறு கட்டையிலா? அந்த வேறு கட்டை எதில் உட்கார்ந்திருக்கிறது? இப்படியே ஓட்டில் இருந்து ரீப்பர், ரீப்பரில் இருந்து கை மரம், அதில் இருந்து சுவர், சுவரில் இருந்து மண் வரை பாரம் இறங்கும் வழியை விரலால் தொட்டுக்கொண்டே வர வேண்டும். வழியில் எங்காவது விட்டுப்போனால் வேலையைத் தொடாதே.

கீழே இறங்கியும் பார்க்க வேண்டும். பரணில் கட்டை சுவர் மேல் கம்பீரமாக உட்கார்ந்திருக்கும். அதற்கு நேர் கீழே அந்தச் சுவரையே இடித்து யாரோ ஷட்டர் போட்டிருப்பார்கள். கடைத் தெருக்களில் இது சர்வ சாதாரணம்.

அடுத்து, வீட்டை விட்டு வெளியே வந்து எதிர்ச் சாரியில் நிற்கச் சொன்னார். மோட்டுக் கோடு நேராக இருக்கிறதா, கிழட்டு மாட்டின் முதுகு மாதிரி நடுவில் குழிந்திருக்கிறதா? தாழ்வாரத்துக்கு அடியில் சுவரில் படுக்கைவாட்டில் விரிசல் ஓடுகிறதா? ஒரு தூக்குக் குண்டைத் தொங்கவிட்டால் சுவர் வெளியே சாய்ந்திருப்பது தெரிந்துவிடும். இதெல்லாம் இருந்தால், மோடு ஏற்கனவே விரிய ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். அங்கே ஒரு ஆணியைக் கூடப் பிடுங்கக் கூடாது.

பொருத்துகளையும் உற்றுப் பார்த்தார். பழைய மரம் புகையும் தூசியும் ஏறிக் கறுத்திருக்கும். பொருத்து வாயில் கோடு போல வெளிர் நிறம் தெரிந்தால் அது அண்மையில் நகர்ந்த இடம். அண்ணாச்சியின் பரணில் இரண்டு இடத்தில் அப்படித் தெரிந்தது. இரண்டிலும் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, பொருத்தின் குறுக்கே ஒரு கோடு கிழித்தார். ஒரு வாரம் கழித்துக் கோடு ஒன்றாக இருக்கிறதா, விலகியிருக்கிறதா என்று பார்ப்பாராம். காசு செலவில்லாத மீட்டர்!

மரத்தில் எமன் இருப்பது நடுவில் இல்லை, சுவருக்குள் புதைந்த முனையில். ஒழுகல் தண்ணீர் அங்கேதான் தங்கும். காற்று போகாது. கரையானும் சுவர் வழியாக அங்கேதான் ஏறும். வெளியே பார்த்தால் பெயிண்ட் அடித்துப் பளபளவென்று இருக்கும். ஸ்க்ரூ டிரைவரை வைத்து அமுக்கினால் கேக்கில் இறங்குவது போல இறங்கும். தட்டிப் பார்த்தாலும் தெரியும். நல்ல மரம் 'டங்' என்னும். உளுத்த மரம் 'தொப்' என்னும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பரணில் மூட்டை ஏற்றுகிறார்களே, அந்த மூட்டை கீழே உள்ள பலகைக் கட்டைகளின் மேல்தான் இருக்க வேண்டும். விட்டத்தின் மேல் பலகை போட்டு இன்னொரு தட்டு ஏற்படுத்தி அரிசி மூட்டை அடுக்குவது வேறு ஆபத்து. இழுவைக்குப் போட்ட கட்டையில் பாரத்தையும் ஏற்றினால் அது என்ன செய்யும்?

பைப்புக்காரர் வெட்டு

முழுக் கட்டையை எடுப்பதை விடக் கொடுமை, கொஞ்சமாக வெட்டுவது. யாருக்கும் உறைக்காது. பிளம்பர் வருவார், பைப் போக வழி இல்லை என்று சுமை தாங்கும் உத்திரத்தின் அடி வயிற்றில் ஒரு வாய் வெட்டுவார். ஆறு அங்குல உயரக் கட்டையில் இரண்டு அங்குலம்தானே என்பார். மிச்சம் நாலு அங்குலம் இருக்கிறதே, மூன்றில் இரண்டு பங்கு பலம் இருக்காதா?

இருக்காது. வளைவைத் தாங்கும் பலம் உயரத்தின் வர்க்கத்தில் போகிறது. ஆறாறு முப்பத்தாறு. நாநாலு பதினாறு. முப்பத்தாறில் பதினாறு என்றால் பாதி கூட இல்லை! அதிலும் அடிப்பக்கம், நடு இடம் என்றால் மிக மோசம். அங்கேதான் மரத்தின் நார் அதிகமாக இழுபடுகிறது. ஒயர் போக வேண்டும் என்றால் கட்டையின் உயரத்தில் நடுவாக ஒரு சின்னத் துளை போடலாம், அதனால் பெரிய சேதம் இல்லை.

நடுத் தூணை எடுப்பதும் இதே கதை. பத்தடிக்கு ஒரு தூண் இருந்த இடத்தில் நடுத் தூணை எடுத்துவிட்டால் உத்திரத்தின் தாவு இருபதடி ஆகிவிடும். தாவு இரட்டித்தால் கட்டை வளைவது இரட்டிப்பதில்லை. பதினாறு மடங்கு!

தளம் போட்ட வீடுகளுக்கும் இது பொருந்தும். மெட்ராஸ் தளம் என்பார்களே, நெருக்கமாகத் தேக்குக் கட்டை போட்டு, மேலே சின்னச் செங்கல்லைச் செங்குத்தாக மூலைவாட்டில் சுண்ணாம்பில் பதித்து, அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் இடித்துப் போட்டது. ஜார்ஜ் டவுன், திருவல்லிக்கேணி, மயிலாப்பூர் பக்கம் இன்னும் இருக்கிறது. அங்கே ஒரு கட்டையை எடுத்தால் அதன் மேல் உள்ள செங்கல்லுக்குப் பிடிப்பு ஏது? ஒழுகும்போதெல்லாம் மேலே ஒரு படை பூசி ஓடு பதிப்பார்கள். தளத்தின் பாரம் ஏறிக்கொண்டே போகும். அடியில் இருக்கிற கட்டை அதே பழைய கட்டைதான்.

முட்டு மட்டும் போதாது

அண்ணாச்சியின் கடையில் பெரியவர் முதலில் செய்தது முட்டுக் கொடுத்ததுதான். ஆனால் முட்டுக் கட்டையை டைல்ஸ் தரையில் நேராக நிறுத்தவில்லை. அடியில் கனமான பலகை போட்டு, அதன் மேல் கட்டையை நிறுத்தி, எதிரெதிராக இரண்டு ஆப்பு வைத்துக் கையால் தட்டி முடுக்கினார். ஓங்கி அடிக்கவில்லை. ஜாக்கி வைத்து ஒரே மூச்சில் தூக்கினால் விழுந்த இடம் விட்டு வேறு இடம் பிளக்கும் என்றார். பரண் பலகையில் நிற்கும் ஒவ்வொரு முட்டுக்கும் நேர் கீழே கடைத் தரையில் இன்னொரு முட்டு. பாரம் மண்ணுக்குப் போய்ச் சேர வேண்டும், பரணில் நின்றுவிடக் கூடாது.

அதற்கு மேலும் ஒன்று செய்தார். எனக்குப் புதிதாக இருந்தது. முட்டு, பாரத்தைக் கீழிருந்து வாங்கும். சுவர் விரிவதைத் தடுக்காது. அதனால் வெட்டுப்பட்ட விட்டத்துக்கு இரு பக்கமும், ஒரு கை மரக் காலில் இருந்து எதிர்க் கை மரக் கால் வரை இரும்புச் சங்கிலி கட்டி, நடுவில் முறுக்கும் திருகை மாட்டி இறுக்கினார். அறுந்த கயிற்றுக்குப் பதில் வேறு கயிறு! அப்புறம்தான் பீடி.

மறுநாள் ஒரு கட்டிட என்ஜினீயர் வந்து பார்த்தார். வெட்டுப்பட்ட இடத்தின் இரு பக்கமும் இரும்புத் தகடு வைத்து நட்டு போல்ட்டு போட்டு இணைக்கச் சொன்னார். தகட்டின் கனம், நீளம், போல்ட்டு எத்தனை என்று எழுதிக் கொடுத்தார். அந்தக் கட்டையைச் சற்று உயரத்தில் மாற்றிப் போட முடியாதா என்று அண்ணாச்சி அப்போதும் விடாமல் கேட்டார். உயர்த்த உயர்த்த பிடிப்பு குறையும், கணக்குப் போடாமல் சொல்ல மாட்டேன் என்று போய்விட்டார்.

வாடகைக் கடை

கடை அண்ணாச்சிக்குச் சொந்தம் இல்லை, வாடகை. வீட்டுக்காரர் வாய் வார்த்தையாகச் "செஞ்சுக்கோ" என்று சொன்னதோடு சரி. அடுத்த போர்ஷனுக்கு யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மாநகராட்சிப் பக்கம் யாரும் போகவும் இல்லை. 2019-ம் ஆண்டு வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டிட விதிகளைப் பற்றிக் கேட்டேன். இருவரும் என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். பூச்சு வேலை மாதிரி சில்லறைப் பழுதுக்கு அனுமதி கேட்கத் தேவையில்லைதான். விட்டத்தை அறுப்பது சில்லறைப் பழுதா?

பாரிமுனை அர்மேனியன் தெருவில் 2023-ம் ஆண்டு ஏப்ரல் 19-ந் தேதி, புதுப்பிக்கும் வேலை நடந்துகொண்டிருந்த ஒரு பழைய நாலு மாடிக் கட்டிடம் இடிந்து விழுந்தது பலருக்கு நினைவிருக்கும். அது வேறு வகைக் கட்டிடம். ஆனாலும் அந்தப் பக்கத்துக் கடைக்காரர்கள் இன்றும் பக்கத்துக் கட்டிடத்தில் சுத்தியல் சத்தம் கேட்டால் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் வியாபாரத்தைக் கவனிப்பார்கள்.

இதில் பழைய மரக் கடைக்காரர்களின் பங்கும் உண்டு. பர்மா தேக்கு என்றால் அவர்களுக்கு நாக்கில் தண்ணீர் ஊறும். "நாங்களே வந்து எடுத்துக்கிறோம், காசும் கொடுத்துடறோம்" என்பார்கள். காசு கொடுத்து எடுத்துப் போவார்கள். மோட்டை யார் பிடிப்பது? அண்ணாச்சியிடமும் ஒருவர் விலை பேசியிருந்தார் என்பதை மூன்றாவது டீக்குப் பிறகுதான் சொன்னார்.

எட்டு நாள் கழித்து மறுபடியும் போனேன். பென்சில் கோடுகள் இரண்டும் விலகாமல் அப்படியே இருந்தன. தகடு ஏறியிருந்தது, சங்கிலியை இன்னும் கழற்றவில்லை. அடுத்த போர்ஷன் அம்மா வாசக்கதவைச் சாத்தித் திறந்து காட்டினார். கீழே கொஞ்சம் உரசுகிறது, இழைக்க வேண்டும். அதற்கு ஆகும் கூலி யாருடையது என்று பேச்சு நடந்துகொண்டிருந்தது.

பரணில் அண்ணாச்சி அந்த விட்டத்தைச் சுற்றிப் பழைய கோணிச் சாக்கைக் கனமாக மடித்துச் சணல் கயிற்றால் கட்டி வைத்திருக்கிறார். தலை இடித்தால் வலிக்காமல் இருக்க.